எக்ஸ்ரே படத்தில் வெள்ளையாகத் தெரிவது என்ன?

போன மாதம் பாலக்கோட்டு வீட்டில் அம்மா வாசல்படியில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. தர்மபுரிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் மெல்லிய விரிசல். கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினால், பக்கத்து வீட்டு அத்தை இரண்டு இளநீரோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். “கதிரு ஒடம்புலயே தங்கிடும். எளநி குடிச்சாத்தான் எறங்கும்” என்றார். கூடவே, கர்ப்பமாக இருக்கும் தன் மருமகள் மூன்று முறை ஸ்கேன் எடுத்துவிட்டாளே, குழந்தைக்கு எத்தனை கதிர் போயிருக்குமோ என்ற கவலை வேறு.

அக்கா மகள் இந்த ஆண்டுதான் ரேடியோகிராஃபி படிப்பில் சேர்ந்திருக்கிறாள். அவள் என்னைப் பார்த்து, “மாமா, நீங்களே சொல்லுங்க. எனக்கே பாதிதான் புரியுது” என்றாள். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். அன்று மாலை திண்ணையில் தொடங்கிய பேச்சைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். புதிதாக இந்தப் படிப்பில் சேர்ந்தவர்களுக்கும், எக்ஸ்ரே உறையைக் கையில் பிடித்தபடி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்கும் இது போதும்.

முதலில் அத்தையின் மருமகள் விஷயம். நம் ஊரில் ‘ஸ்கேன்’ என்ற ஒரே சொல்லை மூன்று வேறு கருவிகளுக்கு வைத்திருக்கிறோம். கர்ப்பிணிகளுக்கு எடுப்பது அல்ட்ராசவுண்ட். அது ஒலி. கிணற்றில் குரல் கொடுத்தால் எதிரொலி வருமே, அந்த வேலைதான். எம்.ஆர்.ஐ. என்பது காந்தமும் ரேடியோ அலையும். இந்த இரண்டிலும் எக்ஸ்ரே துளியும் கிடையாது. சி.டி. ஸ்கேன் மட்டும்தான் எக்ஸ்ரேயின் பெரியண்ணன். இதைச் சொன்னதும் அத்தைக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. மீதிக் கதை எக்ஸ்ரேயைப் பற்றியது.

மாங்காய் அடிக்கிற கல்

கதிர்வீச்சு என்றதும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். வெயில், செல்போன் டவர், எக்ஸ்ரே எல்லாமே மின்காந்த அலைகள்தான். ஆனால் அவை ஆற்றலைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கொண்டுவருகின்றன. அந்தப் பொட்டலம் ஒன்றுக்குப் பெயர் ஃபோட்டான். ஒரு பொட்டலத்தில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதில்தான் எல்லா வித்தியாசமும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பில் கல் எறியாமல் வளர்ந்தவர்கள் குறைவு. உச்சிக் கிளையில் ஒரு பெங்களூரா மாங்காய் தொங்குகிறது. அதன்மேல் ஒரு மூட்டை கேழ்வரகைப் பிடிப்பிடியாக அள்ளி வீசுங்கள். காய் விழாது. ஒரு நல்ல கல்லை எறியுங்கள், காம்பு அறுந்து விழும். கேழ்வரகு மூட்டையின் மொத்த எடை அந்தக் கல்லைவிடப் பல மடங்கு. ஆனாலும் காம்பை அறுப்பது ஒரு கல் ஒரே அடியில் தரும் வேகம்தான்.

அணுவுக்குள் எலக்ட்ரான்கள் இப்படித்தான் காம்பில் தொங்குகின்றன. அவற்றில் ஒன்றைப் பிய்த்து எடுப்பதற்குப் பெயர் அயனியாக்கம். அதற்கு ஏறத்தாழ பத்து எலக்ட்ரான்வோல்ட் அளவுக்கு ஆற்றல் வேண்டும். எலக்ட்ரான்வோல்ட் என்பது அணு உலகத்தின் சில்லறைக் காசு. மிகச் சிறிய ஆற்றல் அலகு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு ஃபோட்டானில் இரண்டு மூன்று எலக்ட்ரான்வோல்ட்தான் இருக்கும். செல்போன் அலையில் ஒரு எலக்ட்ரான்வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மருத்துவ எக்ஸ்ரேயில்? பல்லாயிரம். அதனால்தான் அதை அயனியாக்கும் கதிர்வீச்சு என்கிறோம். டவர் எத்தனை பெரிதாக இருந்தாலும் அது வீசுவது கேழ்வரகு. எக்ஸ்ரே எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது கல்.

தொப்பூர் கணவாயில் பிரேக் பிடித்தால்

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்கன் தன் ஆய்வகத்தில் ஒரு மின் குழாயைக் கறுப்பு அட்டையால் மூடி வைத்திருந்தார். அப்படியும் சற்றுத் தள்ளி இருந்த திரை ஒளிர்ந்தது. அட்டையைத் தாண்டி ஏதோ வருகிறது. என்னவென்று தெரியாததால் கணக்கில் தெரியாத எண்ணுக்கு வைக்கும் ‘எக்ஸ்’ என்ற எழுத்தையே பெயராக வைத்தார். அடுத்த மாதமே மனைவியின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெரிந்தன. இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு, 1901இல், இவருக்குத்தான்.

இன்றைய குழாயும் அடிப்படையில் அதே சங்கதிதான். காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு குழாய். ஒரு முனையில் பல்பு இழைபோல டங்ஸ்டன் கம்பி. அதைச் சூடாக்கினால் எலக்ட்ரான்கள் கிளம்பும். எதிர்முனையில் ஒரு டங்ஸ்டன் தட்டு. இடையில் 60,000 முதல் 1,20,000 வோல்ட் வரை மின்னழுத்தம். நம் வீட்டு பிளக்கில் இருப்பது 230 வோல்ட் என்பதை நினைத்துப் பாருங்கள். எலக்ட்ரான்கள் அசுர வேகத்தில் ஓடிவந்து தட்டில் முட்டி நிற்கின்றன.

தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். பாரத்தோடு வரும் லாரி இறக்கம் முழுக்க பிரேக்கிலேயே வந்தால் டிரம் கொதிக்கும், ரப்பர் கருகும் வாசனை வரும். லாரியின் வேகம் எங்கோ போயாக வேண்டும், சூடாகப் போகிறது. எலக்ட்ரானுக்கும் அதே கதைதான். டங்ஸ்டன் அணுக்கருவின் பக்கத்தில் வந்து பிரேக் அடிக்கும்போது, இழந்த வேகத்தின் ஒரு சிறு பங்கு எக்ஸ்ரே ஃபோட்டானாக வெளியே தெறிக்கிறது. ஜெர்மன்காரர்கள் இதற்கு வைத்த பெயரின் பொருளே ‘பிரேக் கதிர்’தான். கொடுத்த ஆற்றலில் 99 சதவீதம் வெறும் சூடாகிவிடுகிறது. எக்ஸ்ரே ஆவது ஏறக்குறைய 1 சதவீதம். 3,400 டிகிரியில்தான் உருகும் டங்ஸ்டனைத் தேர்ந்தெடுத்ததும், ஒரே இடத்தில் அடி விழாதபடி தட்டை நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 முறை சுழற்றுவதும் இந்தச் சூட்டைச் சமாளிக்கத்தான். படம் எடுப்பதற்கு முன்னால் கேட்கும் அந்த ‘வ்ர்ர்ர்’ சத்தம் தட்டு சுழலத் தொடங்கும் சத்தம்.

டெக்னீஷியன் கையில் இருப்பவை முக்கியமாக இரண்டு திருகுகள். ஒன்று கிலோவோல்ட்: கல்லை எவ்வளவு வேகமாக எறிவது. இன்னொன்று மில்லி ஆம்பியர்-செகண்ட்: எத்தனை கல் எறிவது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு வருவது சுலபம்.

இதுவரை பார்த்ததை ஒரு மூச்சில் சொன்னால்: எக்ஸ்ரே என்பது ஒரே அடியில் எலக்ட்ரானைப் பிய்க்கக்கூடிய ஆற்றல் பொட்டலம். வேகமாக வந்த எலக்ட்ரானைச் சட்டென்று நிறுத்தினால் அது பிறக்கிறது. சுவிட்சை அணைத்தால், பிறப்பது நின்றுவிடுகிறது.

வராததுதான் வெள்ளை

எக்ஸ்ரே மெஷினைப் பலர் கேமரா என்று நினைக்கிறார்கள். கேமரா நம்மேல் பட்டுத் திரும்பும் ஒளியைப் பிடிக்கிறது. எக்ஸ்ரேயில் மெஷின் ஒரு பக்கம், பதிவுசெய்யும் தகடு மறுபக்கம், நடுவில் நாம். புளியமரத்தடியில் நிழல் விழுவதுபோல் நம் நிழல் தகட்டில் விழுகிறது. கதிர் வந்து சேர்ந்த இடம் படத்தில் கறுப்பு. வராத இடம் வெள்ளை. நுரையீரல் கறுப்பாகத் தெரிவது உள்ளே காற்று இருப்பதால். கதிர் தடையில்லாமல் போய்விடுகிறது. எலும்பு வெள்ளையாகத் தெரிவது அங்கே கதிர் நின்றுவிட்டதால்.

எப்படி நிற்கிறது? உடம்பின் சதையில் ஏறத்தாழ ஒவ்வொரு 3 சென்டிமீட்டருக்கும் கதிர் பாதியாகக் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 64 ஃபோட்டான் நுழைந்தால் 3 சென்டிமீட்டர் தாண்டியதும் 32, அப்புறம் 16, 8, 4, 2. வயிற்றின் மறுபக்கம் வந்து சேரும்போது ஒன்று. அந்த ஒன்றை வைத்துத்தான் படம். மற்ற 63 எங்கே? பெரும்பாலும் உடம்புக்குள். எக்ஸ்ரேயைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் இருக்கும் என்றால், இது இருக்கட்டும். எல்லாக் கதிரும் தாண்டிப் போய்விட்டால் படமே இல்லை, தகடு முழுக்கக் கறுப்பு. எதுவுமே தாண்டாவிட்டாலும் படம் இல்லை. ஓர் இடத்தில் அதிகமாகவும் பக்கத்து இடத்தில் குறைவாகவும் நிற்பதுதான் படம். தீங்கு எதனால் வருகிறது? அதே நிற்பதால். படம் தருவதும் பாதிப்பு தருவதும் ஒரே செயல். ‘கதிரே படாமல் எக்ஸ்ரே எடுங்க சார்’ என்று கேட்பது, நனையாமல் குளிக்க வேண்டும் என்பது மாதிரி.

கதிர் நிற்பதிலும் இரண்டு வகை உண்டு. ஃபோட்டான் ஓர் அணுவில் மோதி, தன் ஆற்றல் முழுவதையும் ஓர் எலக்ட்ரானுக்குக் கொடுத்துவிட்டுக் காணாமலே போய்விடலாம். இது ஒளிமின் விளைவு. அணு எண் (அணுக்கருவில் இருக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கை) கூடக்கூட இது மளமளவென்று ஏறும். எடைக்கு எடை பார்த்தால் ஏறக்குறைய அணு எண்ணின் மும்மடி. சதையில் அதிகம் இருக்கும் ஆக்ஸிஜனின் அணு எண் 8, எலும்பின் கால்சியத்துக்கு 20. இரண்டரை மடங்குதான். ஆனால் இரண்டரை × இரண்டரை × இரண்டரை என்று பெருக்கினால் பதினைந்துக்கும் மேல். எலும்பு அப்படிப் பளிச்சென்று தெரிவதற்கு இந்தப் பெருக்கல்தான் காரணம். குடலைப் பார்க்க பேரியக் கரைசலைக் குடிக்கச் சொல்வதும் (அணு எண் 56), ரத்தக் குழாயைப் பார்க்க அயோடின் கலந்த மருந்தை ஊசியில் ஏற்றுவதும் (53), மேலே ஈய ஏப்ரன் போட்டுக்கொள்வதும் (82) ஒரே கணக்குதான்.

இங்கே நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு பாடம் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி போர்வெல் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மஞ்சளும் பழுப்புமான பற்களை நாம் பார்த்துப் பழகிவிட்டோம். எலும்புக்குள் நடப்பதை எக்ஸ்ரேதான் காட்டும். பல ஆண்டுகள் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களில் சிலருக்கு முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சுண்ணாம்பு பூசியதுபோல் அடர்ந்த வெள்ளையாகத் தெரியும். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் சவ்வுகூட கால்சியம் படிந்து வெள்ளையாகிவிடும். வெள்ளையாகத் தெரிந்தால் எலும்பு வலுவாக இருக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டாம். கால்சியம் நிறையச் சேர்ந்து கதிரைத் தடுக்கிறது என்று மட்டும்தான் படம் சொல்கிறது. அக்கா மகளிடம் இன்னொன்றும் சொன்னேன்: கதிரே போதாமல் எடுத்த படத்திலும் எலும்பு வெளுத்துத்தான் தெரியும். நோயா, திருகின் கோளாறா என்று பிரித்துப் பார்ப்பதுதான் நீ படிக்கப் போகிற படிப்பு.

பனியில் ஹெட்லைட்

இரண்டாவது வகையில் ஃபோட்டான் காணாமல் போவதில்லை. எலக்ட்ரானை இடித்துவிட்டு, கொஞ்சம் ஆற்றலை இழந்து, வேறு திசையில் திரும்பிவிடும். இது காம்ப்டன் சிதறல். மார்கழி விடியலில் ஓசூர் சாலையில் மூடுபனிக்குள் ஹெட்லைட் போட்டால் முன்னால் எல்லாம் வெண்மையாகிச் சாலையே தெரியாதல்லவா? சிதறிய கதிர் தகட்டில் தாறுமாறாக விழுந்து படத்தையும் அப்படித்தான் மங்கலாக்குகிறது. கிலோவோல்ட்டை ஏற்றினால் கதிர் நன்றாக ஊடுருவும், ஆனால் ஒளிமின் விளைவு குறைந்து சிதறலின் கை ஓங்கும். எலும்புக்கும் சதைக்கும் வித்தியாசம் மங்கும்.

படம் எடுக்கும் நொடியில் டெக்னீஷியன் தடுப்புக்குப் பின்னால் போவதும் இதனால்தான். மெஷினின் வாய் அவரைப் பார்த்து இல்லை, நோயாளியைப் பார்த்துத்தான் இருக்கிறது. ஆனால் நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறும் கதிர் எல்லாத் திசைக்கும் வரும். ‘நமக்கு ஆபத்து இல்லைன்னா அவர் ஏன் ஓடுறார்?’ என்று பலரும் கேட்கிறார்கள். நமக்கு வருடத்தில் ஒரு படம். அவருக்கு ஒரு நாளிலேயே எத்தனையோ. தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதால் நாலு எட்டு தள்ளி நிற்பதே பெரிய பாதுகாப்பு.

வாசலில் விழும் முதல் தூறல்

கதிரைக் குறைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? சாணம் தெளித்துக் காய்ந்த வாசலில் தூறல் விழுவதைப் பாருங்கள். முதல் சில துளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வைக்கும். நடுவில் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தால் அதன் விளிம்பு எங்கே என்று அந்தப் புள்ளிகளை வைத்துச் சொல்ல முடியாது. மழை வலுத்து வாசல் முழுக்க நனைந்த பிறகு தட்டை எடுத்தால், காய்ந்த வட்டம் கோடு போட்டதுபோல் இருக்கும்.

ஃபோட்டான்களும் தூறல்தான். சராசரியாக 100 விழ வேண்டிய இடத்தில் 90 விழலாம், 110 விழலாம். ஏற்ற இறக்கம் 10 சதவீதம். 10,000 விழும் இடத்தில் அது 1 சதவீதமாகிவிடும். இந்தப் புள்ளிப்புள்ளியான தோற்றத்துக்கு இரைச்சல் என்று பெயர். இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு கதிர் வேண்டும். மெல்லிய விரிசலைத் தேடுகிறவருக்கு வலுத்த மழை வேண்டும். எலும்பு நேராகக் கூடியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறவருக்குத் தூறலே போதும். ‘எல்லாப் படமும் கண்ணாடி மாதிரி இருக்கணும்’ என்று கேட்கும் மருத்துவரும், ‘கதிரே கூடாது’ என்று கேட்கும் நோயாளியும் இந்த ஒரே கணக்கின் இரு முனைகளில் நின்று இழுக்கிறார்கள்.

நான்கு அறை, ஐந்து கூட்டல்

சாதா எக்ஸ்ரேயின் குறை, முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே நிழலாக ஒன்றன்மேல் ஒன்று விழுவது. மாங்காயைப் படம் எடுத்தால் தோல், சதை, கொட்டை எல்லாம் ஒரே வட்டத்துக்குள். வண்டு கொட்டைக்குள் இருக்கிறதா, முன்பக்கச் சதையிலா என்று தெரியாது. வெட்டாமல் பார்க்க வழி உண்டா?

ஒரு சதுரத்தில் நான்கு அறை. ஒவ்வொன்றிலும் ஓர் எண் ஒளிந்திருக்கிறது. மேல் வரிசையின் கூட்டுத்தொகை 5, கீழ் வரிசை 9. இடது பத்தி 8, வலது பத்தி 6. இதை மட்டும் வைத்து எண்களைக் கண்டுபிடிக்க முடியாது. பல விடைகள் பொருந்தும். மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்கு மூலைவிட்டம் 7 என்று இன்னொரு தகவல் கொடுத்தால் ஒரே விடைதான்: மேலே 3, 2, கீழே 5, 4. வேண்டுமானால் ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு கூட்டுத்தொகையும் ஒரு நிழல். சி.டி. ஸ்கேனில் குழாய் நம்மைச் சுற்றிச் சுழன்று நூற்றுக்கணக்கான திசைகளிலிருந்து நிழல் எடுக்கிறது. கம்ப்யூட்டர் நான்கு அறைக்குப் பதிலாக லட்சக்கணக்கான அறைகளுக்குக் கணக்குப் போடுகிறது. இங்கிலாந்தின் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் இதைச் செய்துகாட்டினார். 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் தலையை அவருடைய கருவி படம் பிடித்தது. இந்தக் கணக்கைப் போடும் வழியை அவருக்கு முன்பே சொன்ன ஆலன் கார்மக்கோடு 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அறைகளில் கிடைக்கும் எண்ணுக்கு இன்றும் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் என்றுதான் பெயர்: தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, கொழுப்பு சுமார் மைனஸ் 100.

நிழல் நூற்றுக்கணக்கில் என்றால் கதிரும் அதற்கேற்பக் கூடும்.

எவ்வளவு பட்டது?

ஒரு கிலோ உடம்பில் ஒரு ஜூல் ஆற்றல் நின்றால் அது ஒரு கிரே. உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் நான்கைந்து கிரே பட்டு, சிகிச்சையும் இல்லாவிட்டால் பாதிப்பேர் பிழைக்க மாட்டார்கள். ஆனால் வெப்பமாகப் பார்த்தால் அந்த ஆற்றல் ஒரு வாய் சூடான டீயைவிடக் குறைவு. டீ உடம்பு முழுக்கப் பரவிக் கதகதப்பாக்குகிறது. கதிர் டி.என்.ஏ. இழையில் ஒரு கண்ணியை அறுக்கிறது. கேழ்வரகும் கல்லும் மறுபடி.

படம் எடுக்கும் அளவுகள் இதற்கு எவ்வளவோ கீழே. அவற்றை மில்லிசீவர்ட்டில் சொல்வார்கள். கதிரின் வகைக்கும் அது பட்ட உறுப்புக்கும் ஏற்றபடி கிரேயைத் திருத்தி எழுதிய அலகு அது. நெஞ்சு எக்ஸ்ரே 0.1 அல்லது அதற்கும் கீழே. தலை சி.டி. சுமார் 2, வயிற்று சி.டி. 8, 10 வரை போகலாம். எதுவுமே எடுக்காமல் சும்மா இருந்தாலும் மண், பாறை, காற்று, வானம், நாம் சாப்பிடும் சோற்றிலுள்ள பொட்டாசியம் என்று உலக சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் நமக்கு வந்துகொண்டே இருக்கிறது. நம் ஊரிலிருந்து உலகமெல்லாம் போகும் கிரானைட்டிலும் யுரேனியமும் தோரியமும் துளித்துளியாக உண்டு. அதற்காக யாரும் கிரானைட் திண்ணையை உடைக்க வேண்டாம்.

சின்ன அளவில் அறுந்த இழைகளைச் செல் பெரும்பாலும் தைத்துக்கொள்ளும். எப்போதாவது தப்பாகத் தைத்தால், பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறும் மிகச் சிறிய வாய்ப்பு உண்டு. அளவு கூடினால் வாய்ப்பும் கூடும் என்றே வைத்துக்கொண்டு விதி எழுதுகிறார்கள். இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கணக்குப்படி இந்த வேலை செய்பவருக்கு உச்ச வரம்பு, ஐந்தாண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். அவர் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜ் அவர்மேல் பட்ட கதிரைத்தான் அளக்கிறது. பொதுமக்களுக்கு 1. நோயாளிக்கு இப்படி ஓர் உச்ச வரம்பே கிடையாது. கேட்டால் அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் விபத்தில் தலையில் ரத்தம் கசிகிறவரிடம் ‘இந்த வருடக் கோட்டா முடிந்தது’ என்று சொல்ல முடியாதே. அதற்குப் பதில், தேவை இருந்தால் மட்டும், தேவையான அளவுக்கு மட்டும் என்பது விதி. சாதாரணத் தலைவலிக்கு நாமே போய் ‘ஒரு சி.டி. எடுத்துடலாம் டாக்டர்’ என்று வற்புறுத்துவதுதான் எனக்கு உறுத்தும் இடம்.

அந்த இளநீர்

கதிர் உடம்பில் தங்குமா என்ற கேள்விக்கு வருவோம். அறையில் பல்பை அணைத்த பிறகு வெளிச்சம் மூலையில் பதுங்கியிருப்பதில்லை. எக்ஸ்ரேயும் ஒளிதான். தாண்டியது தாண்டிவிட்டது, நின்றது நின்ற நொடியிலேயே இல்லாமல் போய்விட்டது. வெளியேற்ற ஒன்றும் மிச்சம் இல்லை. ஒரு விதிவிலக்கு: எலும்பு ஸ்கேன், தைராய்டு ஸ்கேன் போன்ற அணு மருத்துவச் சோதனைகளில் டெக்னீசியம் போன்ற கதிரியக்கப் பொருளையே ஊசியில் ஏற்றுகிறார்கள். அது உடம்பில் இருக்கும்வரை கதிர் வரும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும், கொஞ்சம் சிறுநீரிலும் போகும். அங்கே நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. அத்தை சொன்னது ஒருவேளை அங்கிருந்து கிளம்பி ஊர் சுற்றி எக்ஸ்ரே வரைக்கும் வந்திருக்கலாம்.

அம்மா இதையெல்லாம் கேட்டபடி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “அப்போ இதுல வெள்ளையா இருக்கறதெல்லாம் என் கைக்குள்ளயே நின்னு போனதா?” என்று கேட்டார்.

“ஆமா பாட்டி, நின்னு அங்கயே முடிஞ்சு போனது” என்றாள் அக்கா மகள். நான் திருத்த ஒன்றும் இல்லை.

இளநீரை அதற்குள் அத்தை சீவிவிட்டிருந்தார். நல்ல வெயில். ஆளுக்குப் பாதி குடித்தோம்.